மூன்றாம் ஓலை

1942 ஜூன் 1, திங்கள்

பள்ளிக்கூடம் திறந்தாயிற்று. போர்டிங் பிள்ளைகள் டிரங்குப் பெட்டியும் தலை நிறையப் பேனுமாக வந்து இறங்கிவிட்டார்கள். ஒரு கோடை விடுமுறைக்குள் இத்தனை பேன் எப்படி வளர்க்கிறார்களோ. இந்த அக்கறையைப் பரீட்சையில் காட்டினால் எல்லாரும் தேறிவிடலாம். காலையிலிருந்து பேன்சீப்பும் வேப்பெண்ணெயுமாக உட்கார்ந்து இடுப்பு ஒடிந்துவிட்டது.

சாயங்காலம் துணி உலர்த்தும் கொடிக்கு அந்தப் பக்கம் இரண்டு குரல்கள்.

"ரெண்டோலை டீச்சர்னா என்னக்கா?"

"கலியாணத்துக்கு மின்ன மூணு ஞாயித்துக்கெழம கோயில்ல ஓலை வாசிப்பாகல்லா? இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், தடை தெரிஞ்சவுக சொல்லுங்கன்னு. நம்ம சுகிர்தம் டீச்சருக்கு ரெண்டு ஓலை வாசிச்சாச்சு. மூணாவதுக்கு மொத நா மாப்பிள கப்பலேறி ரங்கூனுக்கு ஓடிட்டாராம்."

என்னுடைய பன்னிரண்டு வருடத்துக் கதையைப் பிசகில்லாமல்தான் சொல்லியிருக்கிறாள். இருந்தாலும் கொடியைச் சுற்றிப் போய் இரண்டு பேருக்கும் நாலு வகுத்தல் கணக்கு கூடுதலாகக் கொடுத்தேன்.

ஜூன் 3, புதன்

வேதமாணிக்கம் வந்திருக்கிறார். தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வரவில்லை.

ஜூன் 4, வியாழன்

நேற்று எழுத நேரமில்லை. அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று மதியச் சாப்பாட்டு மணி அடித்த நேரம். வாசலில் தாடியும் கிழிசலுமாக ஒரு ஆள், இடுப்பில் ஒரு பெண்குழந்தை. பர்மாவில் ஜப்பான்காரன் புகுந்ததிலிருந்து இப்படி எத்தனையோ பேர் நடந்து வருகிறார்கள். கூழ் கொடுக்கச் சொன்னேன். குழந்தைக்குப் பாதி கொடுத்து, மீதியைக் குடித்து, கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "சுகிர்தம்" என்றார். குரலை வைத்துத்தான் அது வேதமாணிக்கம் என்று தெரிந்துகொண்டேன்.

எனக்குக் கோபம் வரும் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். பேசவேண்டியதைக் கூடத் தயாராக வைத்திருந்தேன். அந்த முழங்காலைப் பார்த்ததும் ஒன்றும் வரவில்லை. முழங்கால் இருந்த இடத்தில் எலும்பு மட்டும் இருந்தது.

குழந்தையின் பெயர் லில்லி, ஆறு வயது. இவருடைய பிள்ளை இல்லை. ரங்கூன் ஆஸ்பத்திரியில் இவரோடு கம்பவுண்டராக இருந்த தானியேலின் பிள்ளை, தாய் பர்மாக்காரி. தகப்பன் டிசம்பரில் குண்டுவீச்சில் போய்விட்டான். தாய் வரும் வழியில் மலைப்பாதையில் காலராவில் போனாள். அதிலிருந்து இவர்தான் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தை நடத்தும் வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா குழந்தையை நோயாளி அறையில் என் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள்.

கவுன் பையில் சோற்றை ஒளித்து வைக்கிறாள். காலில் கித்தான் சப்பாத்து. அதைக் கழற்றப் போனால் கடிக்கிறாள்.

ஜூன் 6, சனி

மிஸ்ஸியம்மா கூப்பிட்டனுப்பினார்கள். அறையில் வேதமாணிக்கம் சவரம் செய்து, யாரிடமோ இரவல் வாங்கிய சட்டையோடு நின்றார். சட்டை நுனியை லில்லி பிடித்திருந்தாள்.

"சுகிர்தம், இதை ஏன் என்னிடத்தில் மறைத்தாய்?" என்றார்கள் மிஸ்ஸியம்மா. இவர்கள் தமிழ் படித்தது வேதாகமத்திலிருந்து.

"எதை அம்மா?"

"நீயும் இவரும் விவாகத்துக்கு நியமிக்கப்பட்டவர்கள் என்பதை. இரண்டு ஓலை வாசித்தாயிற்று, மூன்றாவது மாத்திரம் பாக்கி என்று இவர் சொல்லுகிறார். மனைவியில்லாத புருஷனிடத்தில் பெண்பிள்ளையை நான் விடக்கூடாது. மாசக் கடைசியில் மலையிலுள்ள அநாதைச் சாலைக்குப் பிள்ளைகள் போகிறார்கள், இவளும் போகவேண்டும் என்றேன். அப்பொழுதுதான் சொன்னார். இது மெய்யா?"

மிஸ்ஸியம்மா இந்த ஊருக்கு வந்து நாலு வருடம்தான் ஆகிறது. ரெண்டோலை என்ற பெயரை அவர்கள் காதில் போட யாருக்கும் தைரியம் இருந்திருக்காது. இரண்டு ஓலை வாசித்தது மெய்தான். ஒரு மெய்யை வைத்து எவ்வளவு பெரிய பொய்யைக் கட்டியிருக்கிறார் இந்த மனிதர்!

"ஆம், அம்மா" என்றேன்.

வெளியே கிணற்றடிக்கு வந்ததும் கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியளா?"

"கேக்க நேரமில்ல சுகிர்தம். பிள்ளைய அனுப்பிருவாகன்னதும் வாயில வந்துட்டு."

"பன்னெண்டு வருசத்துக்கு மின்னயும் ஒங்களுக்கு நேரமில்ல. இப்பவும் நேரமில்ல."

தலையைக் குனிந்துகொண்டார். மூன்று ஓலையும் வாசித்து முடிந்தால் பிள்ளையை எழுதிக் கொடுப்பதாக மிஸ்ஸியம்மா சொல்லியிருக்கிறார்களாம். "பிள்ள கைக்கு வந்ததும் நீ வேண்டாம்னு சொல்லிரு. பழி என் தலையில விழட்டும்."

"பழகின தலைதான்" என்று சொல்லிவிட்டு வந்தேன். ஐந்தாம் வகுப்பு நோட்டு திருத்தினேன்.

ஜூன் 7, ஞாயிறு

போதகர் ஐயாவைப் பார்த்தோம். போன வருடம் வந்தவர், சின்ன வயசு. பழைய ஓலைக்கெல்லாம் மூன்று மாதம்தான் ஆயுசு, முதலிலிருந்து வாசிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டார். ஆக அடுத்த ஞாயிறு முதல் ஓலை, இருபத்தெட்டாம் தேதி மூன்றாவது. மலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு மறுநாள் ரயில்.

கோயிலில் பொய்யை வாசிக்கக் கேட்டு உட்கார்ந்திருப்பது பாவமா என்று அவரிடம் கேட்க முடியவில்லை. ஒரு பிள்ளைக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மதினி வீட்டில் மத்தியானம் சாப்பாடு. விஷயத்தைச் சொன்னதும் அகப்பையைக் கீழே போட்டுவிட்டாள். "ஏட்டி சுகிர்தம்! நானும் ஒங்க அண்ணனும் செத்தா போயிட்டோம்? ஒரு வார்த்த சொல்லாம சம்மதிச்சிட்டு வந்து நிக்கா பாரு!" இது பிள்ளைக்காகப் போடும் நாடகம் என்று அவளிடம் சொல்லவில்லை. மதினி வாயில் போட்டால் ஊர் வாயில் போட்ட மாதிரி.

கோபம் அடங்கியதும் அழுதாள். "மூணாம் ஓலைக்கு மட்டும் நான் கோயிலுக்கு வரமாட்டேன் கேட்டியா. அன்னைக்கு நீ பூ வச்சிக்கிட்டு உக்காந்திருந்தியே, போதகர் ஒன் பேர வாசிக்காம அடுத்த பாட்டுக்குப் போனாரே. அந்தப் பாட்ட நான் இன்னைக்கு வர பாடுனதில்ல."

எனக்கு அந்தப் பாட்டு ஞாபகமில்லை என்று சொன்னேன்.

ஜூன் 14, ஞாயிறு

முதல் ஓலை.

கோயில் வாசலில் லில்லி சப்பாத்தைக் கழற்றமாட்டேன் என்று அலறினாள். கோயில் பணிக்காரர் வழியை மறித்தார். "கால்ல உள்ளத கழட்டுன்னு ஆண்டவர் மோசேகிட்டதான் சொன்னாரு, இந்தப் பிள்ளைகிட்ட சொல்லல" என்று தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பெண்கள் பக்கம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. பார்க்கட்டும்.

போதகர் ஐயா வாசித்தார். அவர் வாலிபனாம், நான் கன்னிகையாம். இரண்டு பேர் வயதையும் கூட்டினால் எழுபதைத் தாண்டும், ஓலைக்கு அதெல்லாம் தெரியவில்லை. தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று நிறுத்தினார். ஒரே ஒரு ஆள் சொல்லியிருக்கலாம். அவள் மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

ஜூன் 17, புதன்

புளி வந்தது, பாதி கொட்டை. மண்ணெண்ணெய் இன்னும் வரவில்லை.

அவர் நாலு மணிக்குப் பிள்ளையைப் பார்க்க வருகிறார். நிச்சயித்தவர்கள் பேசாமலிருந்தால் சந்தேகம் வரும் என்பதால் கிணற்றடியில் நின்று பத்து வார்த்தை பேசுகிறோம். மாடிச் சன்னலில் பிள்ளைகளின் தலைகள். போகும்போது கால் ஆடிய பெஞ்சுகளுக்கெல்லாம் ஆப்பு வைத்துவிட்டுப் போனார். யார் கேட்டார்கள்?

சப்பாத்தைப் பற்றிக் கேட்டேன். "வார வழியில அவ அம்மா கால் வீங்கிப்போச்சுன்னு ஒரு மரத்தடியில சப்பாத்தக் கழட்டிட்டுப் படுத்தா. எந்திரிக்கவேயில்ல. கழட்டினா அங்கேயே இருந்திருவோம்னு இதுக்கு நெனப்பு" என்றார்.

நான் இனி கழற்றச் சொல்லமாட்டேன். படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டால் போகிறது.

ஜூன் 21, ஞாயிறு

இரண்டாம் ஓலை. ஒருவரும் இருமக்கூட இல்லை. இதுவரைக்கும் எனக்கு வழி தெரியும்.

ஜூன் 23, செவ்வாய்

இன்று கேட்டுவிட்டேன். லில்லிக்குப் பேன் பார்த்துக்கொண்டிருந்தேன். கை வேலையாக இருந்தால் வாய் கேட்டுவிடும்.

"அந்தச் சனிக்கெழம ஏன் போனிய?"

ரங்கூன் கலவரத்தில் அவருடைய அண்ணன் எபநேசரை வெட்டிப்போட்டுவிட்டார்கள் என்று தந்தி வந்ததும், அன்று ராத்திரி ரயிலுக்கே கிளம்பினார் என்பதும் ஊருக்குத் தெரியும். போன பிறகு என்ன என்பதுதான் யாருக்கும் தெரியாது.

"அண்ணன் சாகல. துறைமுகத்துல கடப்பாறையால முதுகுல அடிச்சிட்டானுவ. இடுப்புக்குக் கீழ ஒண்ணுமில்ல. ஊருக்குக் கூட்டிட்டு வாறேன்னா, இந்தக் கோலத்துல என்னைய எவனும் பாக்கக்கூடாது, செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்னு என் கையப் பிடிச்சிச் சத்தியம் வாங்கிட்டாரு. ஒம்போது வருசம் படுக்கையில கிடந்தாரு. மலம் மூத்திரம் எல்லாம் நான்தான். அந்த வீட்டுக்கு ஒன்னைய எப்படி வரச்சொல்ல? நீ வேற எடத்துல நல்லா இருப்பேன்னு நெனச்சேன்."

"அவுக போன பெறகு?"

"அதுக்குப் பெறகு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வாறது?"

நான் சீப்பைக் கீழே வைத்தேன். "ஓலையில பேர் வந்த பொண்ண வேற எவனும் கேக்கமாட்டான். இந்த ஊர்ல பொறந்த ஒங்களுக்கு அது தெரியாதா? நான் நல்லா இருப்பேன்னு நீங்களே முடிவு பண்ணிட்டிய. வரமாட்டேன்னும் நீங்களே முடிவு பண்ணிட்டிய. ஒரு வார்த்த கேட்டிருந்தா கப்பலேறி வந்திருப்பேன். அண்ணனுக்கு ஒரு பக்கம் நீங்க பிடிச்சிருந்தா மறுபக்கம் நான் பிடிச்சிருப்பேன்."

அவர் அழுதார். எனக்கும் கண் கலங்கிற்று, மறைக்கவில்லை. லில்லி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் பையிலிருந்து ஒரு பிடி காய்ந்த சோற்றை எடுத்து என் கையில் வைத்தாள். இதுவரை அவள் யாருக்கும் கொடுத்ததில்லை. தின்றேன்.

ஜூன் 25, வியாழன்

மிஸ்ஸியம்மாவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரண்டு ஓலை எந்த வருடத்தது என்பதிலிருந்து தொடங்கினேன். பொய்க்கு நானும் உடந்தை, வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் போகிறேன், ஆனால் பிள்ளையை அனுப்பவேண்டாம், அந்தப் பிள்ளையை இன்னொரு தரம் யாரும் கைவிட்டால் தாங்காது என்றேன்.

"நீ எனக்குப் பொய் சொன்னது எனக்குத் துக்கமாயிருக்கிறது" என்றார்கள் மிஸ்ஸியம்மா. பிறகு, "எட்டு வயதுக்குக் கீழே போர்டிங்கில் சேர்ப்பதில்லை என்பது நான் உண்டாக்கின விதி. நான் உண்டாக்கினதை நான் மாற்றலாம். உன் பொறுப்பில் அவள் இங்கே இருக்கட்டும். நீ யாரை விவாகம் பண்ணினாலும், பண்ணாவிட்டாலும்."

அவர்கள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். லில்லி எங்கும் போகமாட்டாள்.

ஆக இனி ஓலைக்கு அவசியமில்லை. போதகர் ஐயாவிடம் சொல்லி மூன்றாவதை நிறுத்தவேண்டும். நாளைக்குப் போகலாம்.

ஜூன் 26, வெள்ளி

போதகர் ஐயா வீடு வரை போக முடியவில்லை. காலையில் அரிசி புடைக்கும் ஆட்களோடு நிற்கவேண்டியதாயிற்று. மத்தியானம் ஊறுகாய் ஜாடி கழுவினோம். அதை யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம்தான், ஆனால் ஜாடி உடைந்தால் இந்த யுத்த காலத்தில் வேறு கிடைக்காது. பிறகு காற்று பலமாக இருந்தது, தெருவெல்லாம் செம்மண்.

நாலு மணிக்கு வேதமாணிக்கம் வந்தபோது நான் ஜாடிகளோடு இருந்தேன். அவரிடமும் சொல்ல முடியவில்லை.

ஜூன் 27, சனி

காலையிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. கூட்டல் கணக்கில் நானே பிழை விட்டு, மூன்றாம் வகுப்புப் பிள்ளை திருத்தினாள். அன்றும் சனிக்கிழமைதான். அன்றும் இதே மேல்காற்று.

பத்து மணிக்கு மாடிக்குப் போனவள் சன்னலில் பார்த்தேன். எதிரே கோயில் வாசல் புளியமரத்தடியில் வேதமாணிக்கம் உட்கார்ந்திருந்தார். பன்னிரண்டுக்கும் அங்கேயேதான் இருந்தார். மூன்று மணிக்கு வெயில் நகர்ந்துவிட்டது, அவரும் நிழலோடு நகர்ந்திருந்தார். நாலு மணிக்கும் உள்ளே வரவில்லை. பிள்ளைகள் என்னைப் பார்த்துச் சிரிப்பதை நிறுத்திவிட்டு மரத்தையே பார்க்க ஆரம்பித்தார்கள்.

பொறுக்கமுடியாமல் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன்.

"என்ன, இப்படி வெயில்ல?"

"இன்னைக்குச் சனிக்கெழமல்லா. நீ எந்தச் சன்னல்ல பாத்தாலும் தெரியட்டும்னு இருக்கேன். ராத்திரி ரயில் போற சத்தம் கேட்ட பெறகு எந்திரிச்சிப் போவேன்."

செம்பை நீட்டினேன். பிறகு சொல்லவேண்டியதைச் சொல்லிவிட்டேன். "பிள்ள காரியம் முடிஞ்சாச்சு. மிஸ்ஸியம்மா இங்கயே வச்சிக்கிடுதேன்னுட்டாக. இனி ஓலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். நீங்க எங்க போகணும்னாலும் போகலாம்."

"தெரியும். நேத்தே கூப்பிட்டுச் சொல்லிட்டாக."

"தெரிஞ்சுமா இருக்கிய?"

"தெரிஞ்சதுனாலதான் இருக்கேன்."

செம்பை வாங்கிக் குடித்தார். நான் திரும்பி வந்துவிட்டேன். போதகர் ஐயா வீடு அந்த மரத்துக்கு அடுத்த வீடுதான். போகவில்லை. காரணம் எதுவும் எழுதப்போவதில்லை.

ரயில் ஊதியது. சன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். இருந்தார்.

ஜூன் 28, ஞாயிறு

மதினி வரமாட்டேன் என்றவள் எனக்கு முன்னால் வந்து கடைசிப் பாயில் உட்கார்ந்திருந்தாள், முக்காடு மூக்கு வரைக்கும்.

லில்லியை மடியில் வைத்துக்கொண்டேன். ஆண்கள் பக்கம் தூண் ஓரமாக அவர். பாட்டு முடிந்தது. போதகர் ஐயா ஓலையை எடுத்தார். என் பெயரை வாசித்தார். மூன்றாம் ஓலையில் என் பெயரை முதல் முறையாகக் கேட்டேன். பின்னால் மதினி விம்மியது எல்லாருக்கும் கேட்டது.

"இவர்களுக்குள் விவாகம் நடக்க யாதொரு தடை இருக்கிறதென்று எவருக்காவது தெரிந்தால் சொல்லலாம். இது மூன்றாம் ஓலை" என்று நிறுத்தினார்.

நான் எழுந்து நின்றேன். நிற்கவேண்டும் என்று நினைத்து வரவில்லை, சத்தியமாக. பிள்ளையை இறக்கி விட்டுவிட்டு நின்றேன்.

"இருக்கு, ஐயா."

போதகர் ஐயாவுக்குக் கண்ணாடி மூக்கில் இறங்கிவிட்டது. ஓலைக்குத் தடை சொல்ல மணப்பெண்ணே எழுந்திருப்பது எந்தப் புத்தகத்திலும் போட்டிருக்காது.

"என்ன தடையம்மா?"

"பன்னெண்டு வருசத்துல அஞ்சு ஓலை வாசிச்சாச்சு. எங்க வீட்டுல கேட்டாக, அவுக வீட்டுல கேட்டாக, கோயில்ல ஊரையே கேட்டாக. இந்த மனுசனக் கட்டிக்கிட ஒனக்குச் சம்மதமான்னு எங்கிட்ட மட்டும் இன்னும் ஒருத்தரும் கேக்கல. அவரும் கேக்கல."

சொல்லிவிட்டு நின்றேன். உட்காரவில்லை. இன்னும் ஒரு நிமிடம் அவர் பேசாமல் இருந்திருந்தால் நான் நடந்து வெளியே போயிருப்பேன், அதன்பிறகு ஜன்மத்துக்கும் அந்தப் பக்கம் திரும்பியிருக்கமாட்டேன்.

தூண் பக்கம் அசைவு தெரிந்தது. வேதமாணிக்கம் எழுந்து, ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் பாதைக்கு வந்து நின்றார். கையைக் கட்டியிருந்தார். போதகரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

"சுகிர்தம், மொதல்லயே கேட்டிருக்கணும். ஒன்னையக் கேக்காம போனேன். ஒன்னையக் கேக்காம வந்து ஒன் பேரச் சொன்னேன். ரெண்டும் தப்பு. இப்பக் கேக்கேன். என்னையக் கட்டிக்கிட ஒனக்குச் சம்மதமா? மாட்டேன்னாலும் சொல்லு. நான் ஊர விட்டுப் போகமாட்டேன், பிள்ளையும் போகாது."

எத்தனையோ வருடமாக என்னென்னவோ சொல்ல வைத்திருந்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"சம்மதம்" என்றேன். கடைசிப் பாய் வரைக்கும் கேட்டிருக்கும், டீச்சர் குரல் அல்லவா.

போதகர் ஐயா கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "தடை நீங்கிற்று" என்றார். அவருக்கும் என்ன சொல்வதென்று தெரிந்திருக்காது. அடுத்த பாட்டைச் சொன்னார். மதினி எல்லாரையும் விட உரக்கப் பாடினாள், சுருதி எங்கேயோ போயிற்று. மிஸ்ஸியம்மா புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் பக்கத்தில் பார்த்தேன், லில்லி இல்லை. பதறிப்போய்த் தேடினால், கோயில் வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். ஊர்ச் செருப்புகள் குவிந்து கிடந்த இடத்தில் சப்பாத்துக் கயிற்றோடு மல்லாடிக்கொண்டிருந்தாள். ஒரு முடிச்சு அவிழ்ந்திருந்தது, மற்றது இறுகிப்போயிருந்தது. என்னைக் கண்டதும் காலை நீட்டினாள். உட்கார்ந்து அவிழ்த்துவிட்டேன். விரல்களெல்லாம் வெளுத்து ஊறிக் கிடந்தன.

மத்தியானம் வெறுங்காலோடு தூங்கினாள். சப்பாத்தைத் துடைத்து, அவள் கைக்கு எட்டுகிற மாதிரிக் கட்டிலுக்குக் கீழே வைத்திருக்கிறேன். தொட்டி கழுவ நாளைக்கு ஆள் வருகிறான்.